ஜான்சி படித்த வாக்கியங்கள்

சிதம்பரம்,
12 ஜூன் 2011

அன்புள்ள மாமாவுக்கு,

தங்கராசு எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சௌகரியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வெயிலோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. உங்கள் சர்க்கரை இறங்கியதா? ஆலை கேண்டீன் டீயை விட்டீர்களா, இல்லை டாக்டரைத்தான் விட்டீர்களா?

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் புதுக் கணினி வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது கல்யாண வீடு, எனக்கு எழவு வீடு. எனக்குப் படித்துக் காட்டும் ‘சங்கு’ மென்பொருள் புதுக் கணினியில் ஓடவில்லை. அக்கா வாயே திறக்கவில்லை. அதிலேயே இருக்கிற ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறது.

பார்வையில்லாத ஆளை எதற்குக் கடிதப் பிரிவில் வைத்திருக்கிறோம் என்று புது சூப்பிரண்டெண்ட் கேட்டார். வருகிற கடிதத்தைக் கணினி எனக்குப் படித்துச் சொல்லும் சார், என் அக்கா வீட்டுக்காரர், மாமா திருநாவுக்கரசும் அவர் நண்பர்களும் காசு வாங்காமல் செய்து ஊருக்கே கொடுத்த மென்பொருள், அதில் பேசுவது என் அக்கா ஜான்சி என்று விளக்கினேன். அவள் படித்த வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள், எந்த எழுத்தைக் கொடுத்தாலும் துண்டுகளைக் கோர்த்து அவள் குரலிலேயே படித்துவிடும் என்றேன். “அப்ப உங்க அக்காவையே வந்து சரி பண்ணச் சொல்லேன்ப்பா” என்றார். சுனாமியில் போனவள் என்று சொன்னதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வீட்டில் இருக்கும் பழைய கணினியில் அவள் இன்னும் படிக்கிறாள். நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் கடிதங்களையும் அவள்தான் படிக்கிறாள். ‘எனக்கு உடம்பு பரவாயில்லை’ என்று நீங்கள் எழுதினால், அக்கா தன் உடம்பைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கிறது. பழகிவிட்டது.

அலுவலகத்தில் இப்போதைக்கு டைப்பிஸ்ட் புஷ்பவள்ளி எனக்குப் படித்துக் காட்டுகிறாள். நல்ல பெண். ஆனால் அவள் வேலையை யார் பார்ப்பார்கள்? ஜனவரி முடிவதற்குள் வழி பிறக்காவிட்டால் என்னை ரெக்கார்டு ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். சங்கைச் சரி செய்து கொடுங்கள் மாமா.

உங்கள் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு,
தங்கராசு

•

கடலூர்,
10 ஜூலை 2011

அன்பு மச்சான்,

உன் கடிதம் கண்டேன். அத்தைக்குப் பஸ்ஸில் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சூடு காட்டித் தேய்க்கச் சொல். என் சர்க்கரை தன் வழியில் போகிறது, நான் என் வழியில் போகிறேன்.

சங்கு விஷயம். தொடங்கும்போது ஐந்து பேர் இருந்தோம். மணவாளன் பெங்களூர் போனான், மற்ற மூவரும் கடல் தாண்டினார்கள். இப்போது நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை முடித்து வந்து நான் ஒருவன்தான் பார்க்கிறேன். தினமும் புகார். அங்கே ஓடவில்லை, இங்கே திக்குகிறது, ஏன் இன்னும் பதில் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கதைதான்.

சென்னையில் ஓர் அறக்கட்டளைக்காரரைப் பார்த்தேன். புதுக் குரல் செய்தால் பணம் உண்டாம். மேடை, குத்துவிளக்கு, பத்திரிகைக்காரர்கள் எல்லாம் உண்டாம். பழைய குரலைப் பழுது பார்க்க வேண்டும் என்றேன். “அதுல திறந்து வெக்க என்னா சார் இருக்குது?” என்று கேட்டார். கும்பாபிஷேகம் என்றால் வரிசையில் நின்று கொடுப்பார்கள். கோயில் சாக்கடை தூர்வார எவன் கொடுப்பான்?

பழுதும் சின்னதில்லை. முன்பு வெட்டிவைத்த துண்டுகள் புதுக் கணினிக்கு ஒத்துவராது. ஜான்சி படித்த மூலப் பதிவுகளை எடுத்து முதலிலிருந்து காதால் கேட்டு வெட்ட வேண்டும். சம்பளமில்லாமல் மூன்று மாதம் லீவு போட்டால்தான் முடியும். லீவு போட்டால் வாடகை யார் கொடுப்பது? பணம் மட்டும் இருந்தால் நாளைக்கே உட்கார்ந்துவிடுவேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.
அரசு

•

சிதம்பரம்,
24 ஜூலை 2011

அன்புள்ள மாமா,

தைலம் வந்தது. அம்மா காலுக்குத் தேய்க்கிறாளோ, மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாளோ தெரியவில்லை, வீடெல்லாம் வாசம். உங்களுக்குக் கால் எரிச்சல் இருந்ததே, குறைந்ததா?

பணம்தானே? அதை என்னிடம் விடுங்கள். எங்கள் சங்கத்தில் பேசுகிறேன். பார்வையில்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ரயிலையே நிறுத்துவோம், இது என்ன பெரிய காரியம்.

இன்னொன்று கேட்க வேண்டும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து விட்டுவிட்டது. அக்கா சில வார்த்தைகளைச் சொல்லும்போது பின்னால் ஒரு சத்தம் இருக்கிறது. ‘வீடு’ என்றால் இருக்கிறது, ‘கதவு’ என்றால் இருக்கிறது, ‘நாளைக்கு’ என்றாலும் இருக்கிறது. மற்ற வார்த்தைகளில் இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் சுவரில் மோதி மோதித் திரும்புகிற மாதிரி. கண் தெரிந்தவர்கள் காதுக்கு எட்டாது. முதலில் என் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்தேன். குறிஞ்சிப்பாடியில் டீச்சராக இருக்கும் கொளஞ்சியம்மாள், அவர்களுக்கும் என்னைப் போலப் பார்வை இல்லை, போன வாரம் போனில் தானாகவே கேட்டார்கள்: “தங்கராசு, உங்க அக்கா சில நேரம் தண்ணிக்குப் பக்கத்துல நின்னு பேசறாப்புல இருக்குதே, அது ஏன்?” 

அது என்ன சத்தம் மாமா?

அன்புடன்,
தங்கராசு

•

கடலூர்,
28 ஆகஸ்ட் 2011

அன்பு மச்சான்,

நலம். கால் எரிச்சல் அப்படியேதான். பதில் தாமதமானதற்கு ஆலையில் இயந்திரம் மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்.

பணத்துக்காக அலையாதே. கையில் இல்லாதவர்களிடம் கேட்பது நன்றாக இல்லை, சேரவும் சேராது. சூப்பிரண்டெண்டிடம் நான் வந்து பேசட்டுமா? இங்கே நல்ல மழை. அத்தைக்குக் கம்பளி எடுத்துக் கொடு.

அரசு

•

சிதம்பரம்,
18 செப்டம்பர் 2011

அன்புள்ள மாமா,

எல்லோரும் சுகம். அம்மா உங்களுக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். மாதாவும் கேட்டுவிட்டாள்.

பணம் சேர்ந்துவிட்டது. உங்கள் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேலேயே இருக்கிறது. ரயிலில் சீப்பும் சாவிக் கொத்தும் விற்பவர்கள் கொடுத்தார்கள். டெலிபோன் பூத் வைத்து நொடித்துப்போனவர் ஒருவர், இனி பூத்தில் வைக்க ஒன்றுமில்லை என்று உண்டியலோடு கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்துகூட வந்திருக்கிறது. ‘இதை ஜான்சி மேடம் கையில் கொடுக்கவும். என் பிள்ளைக்குப் பாடம் படித்துக் காட்டுவது அவர்தான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு நான் என்னவென்று எழுதுவது?

பணம் மட்டும் இருந்தால் நாளைக்கே உட்காருவேன் என்றீர்கள். நாளை வந்துவிட்டது, இனி சாக்கு இல்லை. அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். கேள்வி உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, கண் இல்லாதது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

லீவு எழுதிக் கொடுத்ததும் சொல்லுங்கள்.
தங்கராசு

•

கடலூர்,
30 அக்டோபர் 2011

அன்பு மச்சான் தங்கராசுவுக்கு,

அத்தையும் நீயும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு பரவாயில்லை.

பலவிதமாக யோசித்துவிட்டேன். சென்னைக்காரர்கள் செய்யும் புதுக் குரல் நன்றாகவே இருக்கும். படித்த பெண்ணை வைத்து, சத்தம் புகாத அறையில் பதிவு செய்கிறார்கள். அது வரும்வரை பொறுத்துக்கொள். சேர்ந்த பணத்தைக் கொடுத்தவர்களுக்கே திருப்பிவிடு. என்னால் முடியாது.

அரசு

•

சிதம்பரம்,
6 நவம்பர் 2011

மாமாவுக்கு,

அம்மா சுகம். நான் சுகமாக இல்லை.

பணம் இல்லை என்றீர்கள், சரி என்றேன். பணம் வந்த பிறகு முடியாது என்கிறீர்கள். அப்படியானால் தடையாக இருந்தது பணம் இல்லை. கொடுத்தவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சென்னைக் குரல் வரும்வரை பொறுக்கலாமாம். ஸ்டூலில் உட்கார்ந்து பொறுக்கிறேன். அதுகூடப் போகட்டும். வீட்டில் இருக்கும் பழைய கணினி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? அது போய்விட்டால் அக்கா அதோடு போய்விடுவாள். உங்களிடம் அவள் போட்டோ இருக்கிறது. எனக்குப் போட்டோவால் என்ன பிரயோசனம்? எனக்கு இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான்.

உங்களை அதட்ட எனக்கு உரிமை இல்லை என்றால் சொல்லிவிடுங்கள். இருக்கிறது என்றால், எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தங்கராசு

•

கடலூர்,
27 நவம்பர் 2011

அன்பு மச்சான்,

உனக்கு உரிமை இருக்கிறது. உன் கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன், பிறகு அது அடங்க வேண்டாம் என்று தோன்றியது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலையில் எனக்குக் காலை ஷிப்டு. தேவனாம்பட்டினம் வீட்டு மாடியில் ஜான்சி சங்குக்கான வாக்கியங்களில் கடைசித் தாளைப் படித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பென்சில் பேட்டரி போடும் சின்ன ரிக்கார்டர் அது. தண்ணீர் வந்தபோது அவள் கீழே இருந்திருக்கிறாள். மாடிப்படி வெளிப்புறம், அதை அலை கொண்டுபோய்விட்டது. மறுநாள் ஏணி போட்டு ஏறினோம். மேசை மேலே ரிக்கார்டர் நனையாமல் இருந்தது, பேட்டரி தீர்ந்து நின்றிருக்கும் என்று நினைத்தோம்.

மணவாளன் எடுத்துப்போய், “கேக்கவே வேணாம் அரசு, புரோகிராமே வெட்டிக்கும்” என்று செய்து கொடுத்தான். அதனால் அந்த நாளின் பதிவை இதுவரை யாரும் கேட்டதில்லை. வேலைக்கு உட்கார்ந்தால் கேட்க வேண்டும். பணமில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது, உண்மையும்கூட. நீ பணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாய்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் பதிவிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் மூச்சிழுப்பாள், அதை வெட்டி எறிவதுதான் பாதி வேலை. நடுவில் தாளை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறாள். “யாருங்க இதெல்லாம் எழுதனது? ‘ஆட்டுக்குட்டி ஆற்றோரம் ஆராய்ந்தது’. ஆட்டுக்குட்டி இன்னாத்தங்க ஆராயும்?” என்கிறாள். கேட்டுவிட்டுச் சிரித்தேன். சிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

கடைசித் தாளைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். அத்தையிடம் எதுவும் சொல்லாதே.

அரசு

•

சிதம்பரம்,
20 டிசம்பர் 2011

அன்புள்ள மாமா,

நாங்கள் சுகம். அம்மா கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டிருக்கிறாள், உங்களுக்குச் சர்க்கரை என்பதால் மோந்து பார்க்க ரெண்டு அனுப்புவாள். போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய சோதனைக் குரலை அலுவலகத்தில் போட்டேன். அக்கா பேசினாள். புதுக் கணினியில் இன்னும் தெளிவாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. புஷ்பவள்ளி கையைத் தட்டினாள். சூப்பிரண்டெண்டும் ஒரு பக்கம் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் படிக்கிறாங்க” என்றார்.

சில வார்த்தைகள் மட்டும் வரவில்லை. ‘வீடு’ வரும் இடத்தில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. கடைசித் தாள் முடிந்தால் வந்துவிடும் என்று புரிந்துகொண்டேன். இருபத்தாறாம் தேதி அக்காவின் நினைவு நாள் பூசை வைத்திருக்கிறோம். அது முடியட்டும் மாமா, அவசரம் இல்லை.

தங்கராசு

•

கடலூர்,
9 ஜனவரி 2012

அன்பு மச்சான்,

‘தானே’ புயலில் நீங்கள் இருவரும் தப்பித்தீர்கள் என்று பஸ் கண்டக்டர் மூலம் தெரிந்துகொண்டேன். இங்கே முந்திரியும் பலாவும் ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்டு கம்பமெல்லாம் படுத்துக் கிடக்கிறது. நான் நலம், ஓடு மட்டும் பறந்தது.

கரண்டு இல்லாததால் தாளில் எழுதுவதாக நினைப்பாய். நெய்வேலிப் பக்கம் போனால் மின்னஞ்சல் அனுப்பலாம். அனுப்பினால் நீ இதை அவள் குரலில் கேட்பாய், அது கூடாது. இதைப் படித்துக் காட்டும் புஷ்பவள்ளி அம்மா, உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நடுவில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள்.

கணினி ஓடாததால் ரிக்கார்டரிலேயே புது பேட்டரி போட்டு, பட்டப்பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். ஜான்சி படிக்கிறாள். வெளியே ஆட்கள் கத்துகிறார்கள். “இன்னா சத்தம்? பாத்துட்டு வரேன்” என்று யாரிடமோ பேசுவது போலச் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்கிறது. அதன் பிறகு வந்ததை நான் எழுதமாட்டேன். படி இடிந்து விழுவதும் அதில் இருக்கிறது.

அப்புறம் வெகுநேரம் ஆள் அரவமே இல்லை. கீழே வீட்டுக்குள் நின்ற தண்ணீர் சுவரில் மோதித் திரும்பும் சத்தம் மட்டும். ஜூலையில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

பிறகு அவள் படிக்கிறாள்.

தாளில் விட்ட இடத்திலிருந்து, மீதியிருந்த வாக்கியங்களை. நிதானமாக, ஒரு பிசிறும் இல்லாமல். ‘எங்கள் வீடு தெருக்கோடியில் இருக்கிறது.’ ‘நாளைக்குக் கதவைத் திறந்து வை.’ ஏறிவந்த காலடிச் சத்தம் இல்லை. ஏறிவரப் படியும் இல்லை. இத்தனை வாரமாக அவள் மூச்சை வெட்டுவதே என் வேலை, உனக்குத் தெரியும். இந்த வாக்கியங்களுக்கு முன்னால் வெட்ட ஒன்றுமில்லை.

அவள் எப்படியோ தொற்றி ஏறி வந்து படித்துவிட்டு மறுபடி இறங்கியிருப்பாள் என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். அவள் படிக்கும்போது தெருவில் போலீஸ் வண்டியின் மைக் சத்தம் கேட்கிறது, கரைக்கு யாரும் போகாதீர்கள் என்று. அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது மத்தியானத்துக்கு மேல் என்று தெருக்காரர்கள் அப்போதே சொன்னார்கள். அந்த நேரம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் இருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய தாளை முடித்ததும் அவள், “போதுமா?” என்று கேட்பாள். நான் எங்கே இருந்தாலும், “போதும்” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ரிக்கார்டரை அணைத்துவிட்டு எழுந்திருப்பாள். சொல்ல மறந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பாள், அத்தனை பிடிவாதம். கடைசி வாக்கியம் முடிந்ததும் இதிலும் கேட்டாள். அதோடு நான் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்த வாக்கியங்களைச் சேர்த்தால்தான் குரல் முழுசாகும். சேர்க்கவா, வேண்டாமா? இதை நான் ஒருவனாக முடிவு செய்யமாட்டேன்.

அரசு

•

சிதம்பரம்,
5 பிப்ரவரி 2012

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஓடு மாற்றியாகிவிட்டதா? இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல புஷ்பவள்ளி எழுதுகிறாள். உங்கள் கடிதத்தை முழுசாகப் படித்த தைரியசாலி அவள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்தது எனக்காகவா, தனக்காகவா என்று நானும் கேட்கவில்லை.

புயலால் தபால் தாமதித்து, அது வந்த கையோடு போன ஞாயிறு பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். இருவரும் அந்தப் பதிவைக் கேட்டோம், திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நாம் இருவரும் விழுந்த பலா மரங்களைப் பற்றியே பேசினோம். முகத்துக்கு நேரே பேச முடியாததைத்தான் இதில் எழுதுகிறேன்.

அக்கா “போதுமா?” என்று கேட்டதும் இந்தத் தடவை நீங்கள் நிறுத்தவில்லை. ரிக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை, அந்தத் தண்ணீர் மட்டும்தான். அவள் அங்கே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மாமா. கண் தெரியாதவனுக்கு ஓர் அறையில் ஆள் இருப்பது தெரியும்.  ஏழு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறாள், அவள் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நீங்கள் “போதும் ஜான்சி” என்றீர்கள்.  நானும், “போதும்க்கா” என்றேன்.

அடுத்த நொடி ரிக்கார்டரில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பேட்டரி தீர்ந்து நின்றிருக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம் இல்லையா? பேட்டரி தீர்ந்தால் சத்தம் வராது. நீங்கள் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தீர்கள், கேட்டீர்களோ என்னவோ. எனக்குத் தெளிவாகக் கேட்டது. விரல் வைத்துப் பொத்தானை அழுத்தின சத்தம் அது.

சங்கத்தில் பேசிவிட்டேன். இனி வருஷா வருஷம் சங்கைப் பழுது பார்க்கவென்றே தனியாகப் பணம் எடுத்து வைக்கிறார்கள். மேடையும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. சூப்பிரண்டெண்டும் மார்ச் வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார்.

கடைசித் தாளைச் சேர்க்கவா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆசைதான். பழைய கணினி போய்விட்டால் ‘வீடு’ என்று அவள் சொல்லி இனிமேல் கேட்க முடியாது. ஆனாலும் வேண்டாம் மாமா. அந்த வாக்கியங்களைப் புஷ்பவள்ளி படித்துத் தருகிறாள், அந்த இடங்களில் அவள் பேசட்டும். மற்றதை எல்லாம் அக்கா மூச்சு இருக்கும்போது நமக்காகப் படித்தாள், அது நம்முடையது. இதற்கு நாம் போதும் என்று சொல்லிவிட்டோம், அவளும் அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறமும் அவளை வேலை வாங்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மச்சான்,
தங்கராசு